பூசைக்குப் போன தேக்சா

கெலுகோர் ரோடு அந்தக் காலத்தில் ரோடே இல்லை. அதை ரோடு என்று சொன்னது அரசாங்கத்தின் பெருந்தன்மை. எதிரெதிரே இரண்டு மாட்டுவண்டிகள் வந்துவிட்டால், யார் பின்வாங்குவது என்று வண்டிக்காரர்கள் பேசி முடிப்பதற்குள் இரண்டு பக்கத்து மாடுகளும் சம்மந்தி உறவு வைத்துக்கொண்டுவிடும். மழைக்காலத்தில் ஒரு சீனன் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கியவன் அடுத்த வெயில் காலத்தில்தான் வெளியே வந்தான் என்று சொல்வார்கள். சைக்கிள் இன்னும் வரவில்லை.

அப்பேர்ப்பட்ட ரோட்டில் மோட்டார் கார்கள் ஓடத் தொடங்கியதும் துரைமார்களின் இடுப்பு ஒடிந்தது. இடுப்பு ஒடிந்தால் அரசாங்கம் விழித்துக்கொள்ளும். ரோட்டை அகலப்படுத்தி, சல்லி பரப்பி, தார் ஊற்றி, பாயான் லெப்பாஸ் வரைக்கும் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டே வந்தார்கள். ஒன்று யாரோ ஒருவரின் வாழைத்தோப்பில் விழுந்தது, இன்னொன்று கோழிக்கூட்டுக்குள் விழுந்தது. ஒன்று மட்டும் நேராக வந்து ஹபீப் முகம்மது ராவுத்தரின் சோற்றுக்கடைக்குள் நுழைந்து, அடுப்புக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவே நின்றுகொண்டது.

கடை என்றால் அவருக்கு வீடும் அதுதான். ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை, பலகைச் சுவர், பின்னால் ஓர் அறை. போகிறதே என்று அவர் அழவில்லை. அரை மைல் தள்ளி ஆற்றோரமாக வேறு இடம் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு வேண்டியதெல்லாம் வியாழக்கிழமை மாலை வரைக்கும் அந்தக் கூரை தலைக்கு மேல் நிற்க வேண்டும் என்பதுதான். ஏனென்றால் வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, அந்தக் கூரைக்குக் கீழேதான் அவர் மகள் சலேஹாவுக்கு நிக்காஹ்.

மாப்பிள்ளையின் வாப்பா சீனி முகம்மது, மார்க்கெட் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். அவர் தலைப்பாகையின் உயரத்துக்கு வாசற்படிகள் எல்லாம் தாமாகவே உயர்ந்து வழிவிடும். பேச்சு முடித்த அன்று அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பெண்ணை அவள் வாப்பாவின் சொந்தக் கூரைக்குக் கீழே வைத்துத்தான் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டும். வாடகைப் பந்தலிலும் அடுத்தவன் வீட்டிலும் என் மகன் உட்காரமாட்டான் என்றார். அன்றைக்குக் குச்சி அடிக்கவில்லை. அடித்த பிறகு ஹபீப் முகம்மது அதைச் சம்மந்தியிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் நாள் தள்ளும். தள்ளிய நாளில் மனசும் தள்ளிப்போகும். மார்க்கெட் ஸ்திரீட்டில் பெண் வைத்திருப்பவர்களுக்கா பஞ்சம்?

ஆனால் ரோட்டு ஓவர்சியர் கார்த்திகேசு வேறு கணக்கு வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டுக்கு மேல் பொத்தான், பொத்தானுக்கு மேல் மீசை. வெள்ளிக்கிழமை காலையில் சிங்கப்பூரிலிருந்து பெரிய துரை இந்த வழியாகக் காரில் வருகிறார், அதற்குள் பாதை துப்புரவாக இருக்க வேண்டும், ஆகவே வியாழன் மதியம் கடையைப் பிரித்துவிட வேண்டும் என்று கூலிகளை மேய்க்கும் மண்டோர் சுப்பையாவுக்கு உத்தரவு கொடுத்துவிட்டார். ஹபீப் முகம்மது போய்க் கெஞ்சியதற்கு, கல்யாணத்தைப் புதன்கிழமை வையும் என்று யோசனை சொன்னார். குறித்த நாளை மாற்றச் சொல்லும் மனிதரிடம் மேலே என்ன பேசுவது?

மண்டோர் சுப்பையா இந்தக் கடையில்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர். அவருடைய ஆட்களும் அப்படியே. இருந்தாலும் மேலேயிருந்து வந்த உத்தரவை மீறினால் அவர் பிழைப்புப் போய்விடும். இரண்டு நாளாக அவர் சாப்பிட வரும்போது ஹபீப் முகம்மதின் முகத்தைப் பார்க்காமல் மீன்கறியையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த மீன்கறியின் முன்னால்தான் ஹபீப் முகம்மதுக்கு யோசனை பிறந்தது. வியாழக்கிழமை ஆயுத பூசை. சுப்பையாவின் ஆட்கள் வருஷா வருஷம் அவரிடம்தான் கடலை வாங்குவார்கள், சுண்டல் அவிக்கச் சட்டியும் கேட்பார்கள். அவர் முஸ்லிம்தான், ஆனாலும் பத்து வருஷம் கடலை விற்றவருக்கு அந்தப் பூசையின் சட்டம் தெரியாமல் இருக்குமா? சந்தனம் வைத்து, பொட்டு வைத்துப் படைத்த ஆயுதத்தை, பூசை நாள் முழுக்கக் கழிந்து மறுநாள் காலை திரும்ப ஒரு தீபம் காட்டும்வரை எவனும் தொடக்கூடாது. தொட்டால் வருஷமெல்லாம் அந்தக் கை விளங்காது.

இவர்கள் வழக்கமாகச் சல்லியை அழுத்தும் ரோடு எஞ்சினுக்கு ஒரு மாலையைப் போட்டு, பூசணிக்காய் உடைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஹபீப் முகம்மது சுப்பையாவின் இலையில் ஒரு துண்டு மீனைக் கூட வைத்துவிட்டு, மெதுவாகப் பேச்சைக் கொடுத்தார். புது ரோடு போடுகிற வருஷத்தில் இப்படி ஒப்புக்குச் செய்தால் நன்றாகவா இருக்கும், மண்வெட்டி முதல் எஞ்சின் வரைக்கும் ஒன்றுவிடாமல் புதன்கிழமை மாலையே படைத்தால் அல்லவா மரியாதை, கடலை முழுக்க என் செலவு, அவிக்க நான் பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாப் பாத்திரத்தையே தருகிறேன்.

சுப்பையா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். மனிதருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "நல்லாப் படைச்சிருவோம் ராவுத்தரே. ஒரு ஆணி வெளிய இருக்காது" என்றார்.

அன்றைக்குப் பிறகு அவர் மீன்கறியை விட்டு ஹபீப் முகம்மதின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டார்.

புதன்கிழமை மாலை கூலிக் கொட்டகையில் நடந்த பூசையைப் பார்த்திருந்தால் தேவர்களே மண்வெட்டி பிடிக்க இறங்கி வந்திருப்பார்கள். பிக்காசு, கடப்பாரை, கூடை, சல்லி உடைக்கும் சுத்தியல், எல்லாம் மலைபோல் குவிந்தன. ரோடு எஞ்சின் மாப்பிள்ளை மாதிரி மாலையும் பட்டையுமாக நின்றது. ஓவர்சியர் கார்த்திகேசு வந்து பார்த்துவிட்டு உறுமினார். ஆனால் அவர் வீட்டிலும் சரஸ்வதி பூசை. புத்தகங்களோடு அவருடைய அளவு நாடாவும் பேனாவும் படத்தின் முன்னால் ஏறிவிட்டன. அவர் எந்த வாயால் திட்டுவார்?

அன்று ஹபீப் முகம்மது நிம்மதியாகத் தூங்கினார். அதுதான் அவர் செய்த தப்பு.

வியாழன் காலை ஆட்டை அறுத்து, அரிசியைக் களைந்து, இஞ்சி பூண்டு அரைத்து எல்லாம் தயாராக வைத்துவிட்டுத் தேக்சாவை எடுத்துவரக் கொட்டகைக்குப் போனார். அந்தத் தேக்சா லேசுப்பட்டதல்ல. அதற்குள் ஒரு குடும்பம் குடியிருக்கலாம், மழைக்கு ஒதுங்க வேறொரு குடும்பமும் வரலாம். கொட்டகையின் நடு நாயகமாக, கடப்பாரைக் குவியலின் உச்சியில், உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமுமாக, வாயில் ஒரு தேங்காயைத் தாங்கிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது.

"இதை எதுக்குப்பா ஏத்தினே?" என்றார் ஹபீப் முகம்மது.

சுப்பையாவின் முகத்தில் அப்படியொரு பெருமை. "உங்க ஆயுதம் அதுதானே ராவுத்தரே. எங்களுக்காக இவ்வளவு செஞ்சீங்க. உங்களுத மட்டும் விட்டுருவோமா?"

ஒரு நிமிஷம் கழித்துத்தான் சுப்பையாவுக்கு உறைத்தது. பொட்டு வைத்தாயிற்று. நாளைக் காலைவரை அதைத் தொட முடியாது. தொட்டு இறக்கினாலும், படைத்த பாத்திரத்தில் ஆட்டுக்கறி வேகவைத்தால் இந்த ஆட்கள் மனசு என்ன பாடுபடும்? குங்குமப் பொட்டோடு வந்த தேக்சாவைப் பார்த்தால் சீனி முகம்மதுதான் என்ன சொல்லுவார்? இருவரும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். டவுனுக்கு வண்டி அனுப்பி வேறு தேக்சா கொண்டுவரலாம் என்றால், இந்த ரோட்டில் வண்டி போய்த் திரும்புவதற்குள் மணப்பெண்ணுக்குப் பேரன் பிறந்துவிடும். பக்கத்துக் கம்போங் வீடுகளில் கேட்டுப்பார்த்தார். கிடைத்த சட்டிகளில் பூனைக்குத்தான் விருந்து வைக்கலாம்.

லுஹர் முடிந்தது. கறி மசாலாவில் ஊறுகிறது, அடுப்பு வெறுமையாக எரிகிறது, மாப்பிள்ளை வீட்டார் வாடகைக் காரில் வந்து இறங்குகிறார்கள். முதலில் தலைப்பாகை இறங்கியது, பிறகு அதற்குக் கீழே சீனி முகம்மது இறங்கினார். நாசியை உயர்த்திக் காற்றை ஒருதரம் மோந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. ஹபீப் முகம்மது அவரை அடுப்புப் பக்கம் திரும்பவிடாமல் பாயில் உட்காரவைத்து, பன்னீர் தெளித்து, ஷர்பத் கொடுத்து, மறுபடியும் பன்னீர் தெளித்தார். முளைக்குச்சியின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார். நிக்காஹ் ஓதிவைக்க வந்த லெப்பை தொண்டையைக் கனைத்தார்.

அப்போது வாசலில் லாரி ஒன்று வந்து நின்றது.

கார்த்திகேசு இறங்கினார். லாரியில் ஸ்டோரிலிருந்து அன்றைக்குத்தான் வந்த சாமான்கள், எண்ணெய்க் காகிதம் கூடப் பிரிக்காத புத்தம் புதுக் கடப்பாரைகள். அவர் ஒன்றை உருவி, கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக ஆட்களோடு வாசலில் நின்ற சுப்பையாவின் முன்னால் நீட்டினார்.

"இது பூசைக்குப் போகேல்லை. புதுசு. இதைத் தொட்டால் ஒரு தெய்வமும் கோபிக்காது. கூரையைப் பிரியும் காணும்."

சுப்பையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். சட்டம் சட்டம்தான், இந்தப் பொந்து வழியாக ஓவர்சியர் நுழைவார் என்று யாருக்குத் தெரியும்? சீனி முகம்மதின் தலைப்பாகை மெல்ல வாசல் பக்கம் திரும்பியது.

"என்ன சம்மந்தி, கூரையைப் பிரிக்கச் சொல்றாரு?"

இனி மறைக்க எதுவுமில்லை. ஹபீப் முகம்மது கூடையை எடுத்தார். சிவப்புத் துணி கட்டிய குச்சியைக் காட்டினார். ரோடு, துரை, வெள்ளிக்கிழமை, கொட்டகையில் ஏறிய தேக்சா, எல்லாவற்றையும் தலைகுனிந்தபடியே சொல்லி முடித்தார். சொந்தக் கூரைதான், ஆனால் இன்றைக்கு மட்டும்தான் அது தன் கூரை என்றார். சீனி முகம்மது எழுந்தார். மாப்பிள்ளையும் கூடவே எழப் பார்த்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து சலேஹாவின் குரல் வந்தது. மணப்பெண் பேசக்கூடாத நேரம் அது. பேசியே விட்டாள். "வாப்பா, கூரை விழுறதுக்குள்ள ஓதச் சொல்லுங்க. எனக்குச் சம்மதம்."

லெப்பை திரையைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டதே என்று விழித்தார். சீனி முகம்மது இரண்டு அடி நடந்து நடுவில் வந்து நின்று, தலையை உயர்த்தி அத்தாப்பை ஆராய்ந்தார். தலைப்பாகை பின்னால் சரிய, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"கூரை இப்ப நிக்குதுல்ல?"

"நிக்குது சம்மந்தி."

"உங்களுதுதானே?"

"இன்னைக்கு என்னுதுதான்."

"அப்ப ஓதச் சொல்லுங்க" என்று திரும்பவும் உட்கார்ந்தார். பிறகு, அதுவரை எந்தக் கோபத்திலும் காட்டாத ஒரு கோபத்தோடு சொன்னார்: "கூரை போனாப் போகுது. காலையிலேருந்து நான் ஒண்ணும் சாப்பிடலை. சோறு எங்க?"

ஹபீப் முகம்மதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் நேராக லாரிக்கு ஓடியது. கடப்பாரைகளுக்குப் பின்னால், வைக்கோல் சுற்றிய ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது. தார் காய்ச்சும் இரும்புக் கொப்பரை. இன்னும் நெருப்பைப் பார்க்காதது, தாரையும் பார்க்காதது.

"ஐயா, புதுக் கடப்பாரையைத் தொடலாம்னா புதுக் கொப்பரையையும் தொடலாந்தானே?"

கார்த்திகேசு கொப்பரையைப் பார்த்தார். "இது அரசாங்கத்துச் சாமான். இதிலை நீர் என்ன காய்ச்சப் போறீர்?"

"பிரியாணி. கொடுத்தீங்கன்னா, நிக்காஹ் முடிஞ்சதும் இந்தக் கூரையை நாங்களே பிரிச்சிருவோம். உங்க ஆளு ஒருத்தரும் கடப்பாரையைத் தொடவேண்டாம். விறகு வேணுமில்லையா? அதையே பிரிச்சு அடுப்பில வைக்கிறோம்."

கார்த்திகேசு மீசையைத் தடவினார். பெரிய துரை வரும்போது பாதை துப்புரவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. யார் கையால் என்பது எந்த உத்தரவிலும் இல்லை. நல்ல நாளில் கல்யாண வீட்டை இடித்த பாவமும் மிச்சம். "பொழுது சாயமுந்தி முடியவேணும்" என்றார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்த வேகத்தில் அது பயந்து ஓடத் தொடங்கியிருக்கும்.

அதற்கப்புறம் அங்கே நடந்த ஓட்டத்தை என்னவென்று சொல்வது! கொப்பரையை இறக்கி மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தவர்கள் சுப்பையாவின் ஆட்கள். லெப்பை ஓதிய வேகத்தில் அரபு எழுத்துகளுக்கு மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை சம்மதித்தேன் என்று சொன்ன மறுகணம், துஆவுக்கு ஏந்திய கைகள் இறங்காமல் அப்படியே மேலே போய் அத்தாப்பைப் பிடித்தன. அதில் முதல் கை சீனி முகம்மதினுடையது. பசித்த மனிதரைப் போலக் கூரை பிரிக்கிறவர் உலகத்தில் கிடையாது. பட்டுச் சட்டைக்காரர்கள் வரிச்சு வரிச்சாக உருவி எறிந்தார்கள், மாப்பிள்ளை மாலையோடு உத்திரத்தில் ஏறி நின்றான், சலேஹா திரையையும் சுருட்டிக்கொண்டு பின்னறையிலிருந்து பாய்களை வெளியே வீசினாள். பலகையும் வரிச்சும் கொப்பரைக்குக் கீழே எரிந்தன. கூரை குறையக் குறைய மணம் ஏறியது. நெய்யும் ஏலமும் கறியும் சேர்ந்த அந்த மணம் கடலைத் தாண்டிப் பாகான் டாலாம் வரை போய் அங்கே இருந்தவர்களை எல்லாம் காரணம் தெரியாமல் எழுப்பி உட்காரவைத்தது.

பாவம், சுப்பையாவும் ஆட்களும் கார்த்திகேசுவும் மட்டும் அன்றைக்குச் சைவம். சுண்டலை மென்றுகொண்டு, காற்று வீசாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

பொழுது சாய இன்னும் ஒரு முழம் இருந்தது. சுவரில்லை, கூரையில்லை. வெட்டவெளியில் பாய் விரித்து, நாலு பேருக்கு ஒரு சஹன் தட்டாக விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். ஹபீப் முகம்மது முதல் சஹனைச் சம்மந்தியின் முன்னால் வைத்தார். சீனி முகம்மது ஒரு கவளம் வாயில் போட்டார். தலைப்பாகையிலிருந்து ஓர் அத்தாப்புத் துணுக்கு சோற்றில் விழுந்தது. அவர் அதை எடுத்து எறிந்துவிட்டு இரண்டாவது கவளத்துக்குப் போனார்.

கார்த்திகேசுவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பாதை அகலம் சரியாக வந்துவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். அளவு நாடாவோ சரஸ்வதியிடம் இருக்கிறது. கடைசியில் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி, சஹன்களுக்கு நடுவே அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டே வந்தார். சீனி முகம்மதுக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"ஐயா, கொஞ்சம் காலை மடக்கும். நீர் ரோட்டிலை இருக்கிறீர்."

சீனி முகம்மது வாயில் சோற்றோடு காலை மடக்கி வழிவிட்டார்.