எங்கள் ஊரின் மூன்றாவது தடுப்பு

கொரோனா வந்த அந்த மே மாதத்தில் எங்கள் ஊரை இரண்டு மாவட்டமும் வேண்டாம் என்றன. வெள்ளாற்றங்கரையில் மொத்தம் முப்பது வீடு. எல்லைக்கல் எங்கே என்ற வழக்கு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறது. விருத்தாசலம் பக்கம் ஒரு செக்போஸ்ட், மறுபக்கம் அடுத்த மாவட்டத்து செக்போஸ்ட், நடுவில் நாங்கள். பாஸ் கேட்டால் இவர்கள் அங்கே போ என்றார்கள், அவர்கள் இங்கே போ என்றார்கள்.

என் வீட்டுக்காரர் ராஜ்மோகனுக்கு வாரம் இரண்டு முறை விருத்தாசலத்தில் டயாலிசிஸ். அந்த வாரம் இரண்டுமே தவறிப்போயின. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. ஏழாம் நாள் விருத்தாசலம் பக்கத்து இன்ஸ்பெக்டர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு, ஆட்டோவுக்கே ஏற்பாடு செய்தார். நடுரோட்டில் அவரைக் கும்பிட்டேன்.

ஆனால் ஊருக்கென்று ஒரு தடுப்பு இருந்தது. இரண்டு மாவட்டமும் கைவிட்ட ரோஷத்தில் நாங்களே ரோட்டில் கருவேலமுள்ளை வெட்டிப் போட்டு, வெளியே போனவர் பதினாலு நாள் உள்ளே வரக்கூடாது என்று முடிவு செய்திருந்தோம். காசியம்மாளின் மகன் நந்தகுமார் கோயம்பேட்டிலிருந்து நடந்தே வந்தபோது, விடாதீங்க என்று முதலில் கத்தியவள் நான். மோட்டார் கொட்டகையில் பதினாலு நாள் கிடந்தான். பெற்றவள் சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். என் வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம்.

வாரம் இரண்டு தடவை போகிறவருக்குப் பதினாலு நாள் எப்போது முடியும்? மனிதர் அதை எனக்கு முன்பே யோசித்துவிட்டார். விருத்தாசலத்தில் தான் வேலை பார்க்கும் செராமிக் பட்டறையில், பொம்மை காயவைக்கும் ஷெட்டில் தங்கிக்கொள்ள முதலாளியிடம் போனில் கேட்டிருந்தார். நானும் வருகிறேன் என்றேன். ஏழு வயது மகள் வெண்பாவை யாரிடம் விடுவாய் என்று கேட்டார்.

அன்று முள்ளுக்குக் காவல் காசியம்மாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"போவட்டும் வாசுகி, நானா தடுக்கப் போறேன்? திரும்பி உள்ள வர்றதுதான் ஊரு பேச்சு. எம் புள்ளைக்கி ஒன்னு, உம் புருசனுக்கு ஒன்னா?"

முள்ளை ஓரமாக இழுத்து வழி விட்டேன்.

அவர் பையை மாட்டிக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தார். பழக்கதோஷத்தில் திரும்பி, "போயிட்டு வரேன்" என்றார். காசியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். போயிட்டு வாங்க என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. முள்ளை இழுத்து மூடியது நான்தான்.