ஒன்பது நிமிட ஊறுகாய்

உலக ராக் இசை வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர்கள் ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கடலூரைச் சேர்ந்த ‘உப்பங்கழி’ இசைக்குழு, கலையின் சிகரத்தைத் தொட்டு இருபத்தாறு ஆண்டுகள் கழித்துப் புகழின் சிகரத்தையும் தொட்டுவிட்டது என்பது இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது. தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருந்தது.

கலையின் சிகரம் எது என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. யாகப்பன் அதற்கு இடம் கொடுத்ததில்லை. 1999 பிப்ரவரி, சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விழா, சாயங்காலம் ஆறு மணி. கிட்டாரும் குரலும் யாகப்பன், கீபோர்டு பெலிசியா, டிரம்ஸ் வைத்திலிங்கம். பாட்டு, யாகப்பன் எழுதி இசையமைத்த ‘கடல் ஊறும் காயம்’. மனிதனின் ஆறாத காயத்தில் கடல் உப்பாக ஊறிக்கொண்டே இருக்கிறது என்பது கருத்து. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. காயம் எதுவும் பட்டிருக்கவில்லை.

ஒன்பது நிமிடப் பாட்டு. கேட்டவர்கள் பதினொரு பேர். ஆறாவது நிமிடத்தில் மின்சாரம் போனது. அது திரும்பி வந்தபோது பதினொரு பேரும் விடுதிச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஆக, கடைசி மூன்று நிமிடத்தைக் குழுவினர் மூவரையும், ஒத்திகை நடந்த பெலிசியா வீட்டுக் கொல்லையில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளையும் தவிர வேறு யாரும் கேட்டதில்லை. அந்த மூன்று நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று யாகப்பன் சொல்லிவந்தார். ஆடுகள் மறுக்கவில்லை.

பிறகு காலம் செய்ய வேண்டியதைச் செய்தது. யாகப்பன் கடலூரில் கணக்கு வாத்தியாரானார். பெலிசியாவை மணந்தார். பெலிசியா ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் கீபோர்டு வாசித்தார். வைத்திலிங்கம் சிதம்பரம் கீழ வீதியில் பாத்திரக்கடை வைத்தார். விற்கிற ஒவ்வொரு குண்டானையும் இரண்டு தட்டு தட்டித்தான் கொடுப்பார். தரம் பார்க்கிறார் என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள்.

போன வருடம் ஓர் ஊறுகாய்க் கம்பெனியின் மேனேஜர் போன் செய்து, விளம்பரத்துக்கு அந்தப் பழைய பாட்டு வேண்டும் என்றார். யாகப்பன் தேர்வுக் கண்காணிப்பில் இருந்தார். பெலிசியா சரி சொல்லிவிட்டார். ‘கடல் ஊறும் காயம்’ இருபது விநாடிக்குச் சுருங்கி, ‘கடலூரு ஊறுகாய்’ ஆயிற்று. யாகப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடிக் கொடுத்தார். உணர்ச்சியில் மூடினார் என்று ஊர் நம்பியது.

அப்புறம் நடந்ததைத் தடுக்க யாராலும் முடியவில்லை. பரங்கிப்பேட்டை ஆட்டோக்களில் அது ஒலித்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அதை வாசித்தார்கள். பள்ளியில் யாகப்பன் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்வரிசை முணுமுணுத்தது. அந்த ஊறுகாயை வீட்டுக்குள் விடுவதில்லை என்று அவர் சபதம் எடுத்தார்.

இந்த நிலையில்தான் கம்பெனியின் வெள்ளி விழா வந்தது. மஞ்சக்குப்பம் மைதானம். நாலாயிரம் நாற்காலி. ‘உப்பங்கழி’க்கு இரண்டு நிமிடம், அதாவது விளம்பரப் பாட்டு ஆறு தடவை. அடுத்து, ஊறுகாய்க்குச் சிறந்தது எலுமிச்சையா மாங்காயா என்று பட்டிமன்றம்.

பாத்திரக்கடைக் கிடங்கில் ஒத்திகை நடந்தது.

“முழுப் பாட்டையும் வாசிக்கப் போறோம்,” என்றார் யாகப்பன். “ஒம்போது நிமிஷம்.”

“மச்சான், அவுங்க ரெண்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. நடுவுல மைக்க புடுங்கிட்டா?” என்றார் வைத்திலிங்கம்.

“புடுங்கட்டும். ஏற்கெனவே கரண்ட்டே புடுங்கியிருக்கு.”

“என்னங்க, யாருக்காக இப்ப இந்த வீம்பு?” என்றார் பெலிசியா.

யாகப்பன் கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அது நல்ல பாட்டா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது பெலிசி. ஒருத்தன்கூட முடியற வரைக்கும் கேட்டதில்ல. எனக்கு நாப்பத்தெட்டு வயசு ஆவுது. தெரிஞ்சுகிட்டா போதும்.”

பெலிசியா கீபோர்டில் ஏழாவது நிமிடத்தின் முதல் சுரத்தை அழுத்திப் பார்த்தார். விரல்கள் மறந்திருக்கவில்லை. வைத்திலிங்கம் ஓர் அண்டாவைத் தள்ளி வைத்துவிட்டு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார்.

விழாவன்று மேடைக்குப் பின்னால் கம்பெனி முதலாளி ஸ்ரீதர் வந்தார். பட்டு வேட்டி, சந்தனம், கையில் கால் கிலோ பாட்டில்கள் மூன்று. யாகப்பன் தயாரித்து வைத்திருந்த வசைகள் நாக்கு நுனிக்கு வந்தன.

“அண்ணே, அன்னைக்குச் சிதம்பரத்துல நீங்க பாடுனப்ப நான் கீழ உக்காந்து கேட்டேன்,” என்றார் ஸ்ரீதர்.

“பதினோரு பேர்ல ஒருத்தரா?”

“ஆமாண்ணே. ஃபர்ஸ்ட் இயர். ஊர்ல எல்லாம் என்னைய உருப்படாதவம்பாங்க. அப்ப நீங்க மேடையில ஊறுகாய பத்தி அப்டி அழுது பாடுறீங்க. ஒரு மனுசன் ஊறுகாய்க்கு இவ்ளோ உருகுறான்னா அதுல என்னமோ இருக்குதுன்னு தோணிச்சு. மறுவருசமே தொழில ஆரம்பிச்சிட்டேன்.”

வைத்திலிங்கம் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

வரியை யாரும் திரிக்கவில்லை. அன்றைய ஒலிபெருக்கி ‘காயம்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தைத் தின்றுவிட்டது, அவ்வளவுதான். ஒரு தொழிற்சாலையும் அறுபது பேரின் வேலையும் விழுங்கப்பட்ட அந்த ஒரு ‘ம்’மின் மீது நின்றுகொண்டிருந்தன.

யாகப்பன் வாயைத் திறந்தார். பெலிசியா அவர் முழங்கையைக் கிள்ளினார்.

“ஒண்ணு கேக்கணும்ணே,” என்றார் ஸ்ரீதர், குரலைத் தாழ்த்தி. “கரண்ட் போனதும் பசியில ஓடிட்டேன். இருவத்தாறு வருசமா மண்டையில ஓடிக்கினே இருக்குது. அந்தப் பாட்டுல மிச்சம் என்னா?”

வசைகள் வந்த வழியே திரும்பிப் போயின.

“மிச்சம் மூணு நிமிஷம்,” என்றார் யாகப்பன். “ஆனா மொதல்லேர்ந்து கேட்டாத்தான் வெளங்கும்.”

“பட்டிமன்றத்த தள்ளிப் போடச் சொல்றேண்ணே.”

மேடை ஏறினார்கள். யாகப்பன் ‘கடல் ஊறும் காயம்’ என்று முதல் வரியைத் தெளிவாக, ‘ம்’மை அழுத்திப் பாடினார். நாலாயிரம் பேர் ஒரே குரலில் “கடலூரு ஊறுகாய்!” என்று திருத்தினார்கள். இரண்டாவது தடவையும் அழுத்தினார். திருத்தினார்கள். மூன்றாவது தடவை அவர் சிரித்துவிட்டார். அதற்குப்பின் அழுத்தவில்லை.

ஆறாவது நிமிடத்தில் மூன்று பேரும் விளக்குகளை நிமிர்ந்து பார்த்தார்கள். எரிந்துகொண்டிருந்தன.

ஏழாவது நிமிடத்திலிருந்து சொற்கள் கிடையாது. கிட்டாரும் கீபோர்டும் ஒன்றை ஒன்று துரத்தும், டிரம்ஸ் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும். கூட்டத்துக்குச் சேர்ந்து பாட எதுவும் இல்லை. வேறு வழியில்லாமல் கேட்டது. முதல் வரிசையில் ஓர் அம்மாள் குச்சி ஐசைக் கையில் உருக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பட்டிமன்ற நடுவர் கடிகாரம் பார்ப்பதை நிறுத்தினார். பாட்டு முடிந்தது. ஒருவர் பின் ஒருவராக, மைதானம் முழுக்கக் கைதட்டியது. ஸ்ரீதர் பட்டு வேட்டியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் ஆட்டோவில் யாகப்பன் மெதுவாகக் கேட்டார். “எப்டி இருந்துச்சு?”

“நல்ல பாட்டுங்க,” என்றார் பெலிசியா. கொஞ்ச தூரம் போனபின், “எட்டாவது நிமிஷம் மட்டும் கொஞ்சம் இழுவை.”

யாகப்பன் யோசித்தார். “ஆமா. அடுத்த பாட்டு நாலு நிமிஷம் போதும்.”

“அடுத்த பாட்டா?”

“வைத்திகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழம நீ கோயில்லேர்ந்து வந்ததும் அவன் கெடங்குக்குக் கெளம்புறோம்.”

வீட்டில் தயிர்சாதம் இருந்தது. யாகப்பன் சபதத்தைக் கைவிட்டு, ஸ்ரீதர் கொடுத்த பாட்டிலைத் திறந்து, ஒரு துண்டு தொட்டுக்கொண்டார்.

ஊறுகாய் சுமார்தான்.