ஒன்பது அங்குலச் சுவர்

அம்மா இறந்த அடுத்த மாதமே கொத்தனாரும் அவர் தம்பியும் வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். தம்பி தையல்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். "அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப நீ எட்டிப் பாத்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கொத்தனாருக்கு அது ஆறவே இல்லை.

"நடுவுல நாலரை இஞ்ச் போதுமேங்க. எடமாவது மிஞ்சும்" என்றாள் மனைவி.

"போதாது. அவன் இருமுறதுகூட என் காதுல விழக்கூடாது."

ஒன்பது அங்குலத்துக்கே எழுப்பினார். யார் வீட்டுக்கும் காட்டாத கவனம். வரிக்கு வரி நூல் பிடித்து, சந்தெல்லாம் கலவையை அழுத்தி நிரப்பி, பத்து நாள் இரண்டு வேளையும் தானே தண்ணீர் ஊற்றினார். தம்பிக்கு வாசல் பின்தெருப் பக்கம் போனது. நாலு வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்த ஒருவர் கதவைத் தட்டிச் சலித்து, சுற்றிக்கொண்டு வந்து கொத்தனாரிடம் சொன்னார். தாழ்ப்பாளை உடைத்து உள்ளே போனார்கள். தம்பி சுவரோரம் கிடந்தார். ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டிருந்தது. நல்ல கையில் கத்தரிக்கோல். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொத்தல் பொத்தலாகப் பெயர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் உயிர் இருந்தது.

"கூப்பிட்டியாடா?" என்று சேர்த்த அன்றே கேட்டார் கொத்தனார்.

"நேத்து... காலைலேருந்து" என்று குழறினார் தம்பி.

"கேக்கலடா. சத்தியமா எனக்குக் கேக்கல."

தம்பி மெல்லத் தலையசைத்தார். "நல்ல செவுருண்ணே" என்றார். அதில் குத்தல் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கொத்தனார் தம்பியின் கத்தரிக்கோலை மனைவியிடம் கொடுத்தார். "அந்தப் பக்கம் போயி, அதே எடத்துல அடி."

அவர் வழக்கமாக டீ குடிக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, எங்கோ தொலைவில் போல, டொக்... டொக்...

அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருந்தார். புதன்கிழமை காலையில், டீயை ஆற்றிக்கொண்டே. பரணில் எலி என்று நினைத்து, வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

மனைவி மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "கை வலிக்க அடிச்சேன். கேட்டுச்சாங்க?"

"கேக்கல" என்றார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. உளியும் சுத்தியலுமாகச் சுவரில் ஒரு வாசல் அளவுக்கு உடைக்கத் தொடங்கினார். செங்கல் உடைந்ததே தவிர கலவை விடவில்லை. மூன்று நாள் ஆனது. எதற்கென்று மனைவி கேட்டாள். அவர் அடுத்த கல்லில் உளியை வைத்தார்.