மாலை போட்ட சாட்சி

தொழிற்சாலையில் என் வேலை தரப் பரிசோதனை. மயிரிழை பிசகினாலும் போல்ட்டைத் தூக்கி எறிந்துவிடுவேன். அதே கெத்தோடுதான், கூட வேலை பார்க்கும் உத்தமன் சேக்காட்டில் எனக்கு விற்ற மனையின் காகிதங்களையும் பார்த்தேன். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். அவன் அப்பாவின் வாரிசுச் சான்றிதழில் உத்தமன் பெயர் மட்டும்.

அவன் தங்கை மைதிலிதான் எட்டு வருடம் முன்பே ஊரில் ஜுரத்தில் போய்விட்டாளே! குவார்ட்டர்ஸ் சுவரில் ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் பார்த்தேன். பதினாறாம் நாள் அவள் படத்துக்கு மாலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டும் வந்தேன். அதற்குமேல் இறப்புச் சான்று கேட்பது அநாகரிகமாகப் பட்டது.

ஓய்வுக்கு மூன்று மாதம். குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் எனக்கும் மனைவிக்கும் அந்த மனைதான் போக்கிடம்.

அஸ்திவாரம் தோண்டிய அன்று, பூந்தமல்லியிலிருந்து கணவன் ராஷித்தின் பைக்கில் மைதிலி வந்து இறங்கினாள்.

“என் படத்துக்கு மாலை போட்டீங்களாமே அண்ணா?”

ராஷித்தைக் கட்டிக்கொண்டதற்காக வீட்டார் அவளைப் போஸ்டரிலேயே சாகடித்திருக்கிறார்கள். செத்தவளிடம் என்ன பேசுவது? “தண்ணி குடிக்கிறியாம்மா?” என்றேன். குடித்தாள்.

“அப்பா போனதையே யாரும் சொல்லல. என் பங்குக்குக் கேஸ் போட்டிருக்கேன். வேலைய நிறுத்திடுங்கண்ணா.”

கேஸ் முடியப் பத்து வருடம் ஆகும் என்றார் என் வக்கீல். “டெத் சர்டிபிகேட் வாங்கலையா?”

“போஸ்டர் இருந்துச்சு சார்.”

அவர் சிரிக்கவில்லை. நானாவது சிரித்திருக்கலாம்.

மறுநாள் உத்தமன் ஒரு வாக்குமூலத்தை டைப் செய்துகொண்டு வந்தான். “இன்னாத்துக்கு மாமே பயப்படுற? அவ யாரோ, டூப்பு. மைதிலி செத்துட்டா, காரியத்துல நானே சாப்ட்டேன்னு ஒரு கையெழுத்து போடு. நீ மாலை போட்ட போட்டோவும் கீது. மனை உனுக்குத்தான்.”

படித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. நான் சாப்பிட்டதும் உண்மைதான்.

“அந்தப் பொண்ணு என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போச்சு உத்தமா,” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

“அப்போ உன் ஊடு?”

வாசலில் நின்ற என் மனைவி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாடகைக்கு வீடு விசாரிக்கப் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.