ஏபல் செய்த கத்தரிப் பொறி

ஏபல் குரோதர் தான் கண்டுபிடித்த, துணிப் பிசிறு வெட்டும் கத்தரிப் பொறியை, அதை விலைக்கு வாங்கிய ஆலையில் இறக்குவதற்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு மதியமே கிளம்பினான். யார்க்ஷயர் மேட்டுவெளியெங்கும் பனிமூட்டம். பொறிகளால் வேலை இழந்தவர்கள் அவற்றை உடைக்க வழியில் பதுங்கியிருப்பார்கள், இன்றைக்கு வேண்டாம் என்று வண்டிக்காரன் ஜோப் சொல்லிப் பார்த்தான். இடுப்பில் துப்பாக்கி இருந்த தைரியத்தில் ஏபல் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கற்சுவர்த் திருப்பத்தில், முகத்தில் கரி பூசிய ஆட்கள் சம்மட்டிகளோடு வழிமறித்தார்கள். ஜோப் குதித்து ஓடிவிட்டான். முதலில் வண்டியில் ஏறியவனை ஏபல் சுட்டான். அவன் தன் கழுத்தைப் பிடித்தபடி சேற்றில் விழுந்து, கால்களை உதைத்து உதைத்து அடங்கினான்.

மற்றவர்கள் ஏபலைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்தது. சம்மட்டிகள் பொறியின் மேல் இறங்கின. வார்ப்பிரும்புப் பல்சக்கரங்கள் சில்லுச் சில்லாகத் தெறித்தன. ஒருவன் மட்டும் ஏபலின் வலது கையை வண்டிச் சக்கரத்தோடு அழுத்திப் பிடித்தான். அந்த ஆளின் மணிக்கட்டில் குளம்பு போலத் தடித்த காய்ப்பு. கம்பளித் துணியின் பிசிறைப் பெருங்கத்தரியால் வெட்டுகிறவர்களுக்கு வரும் காய்ப்பு அது. ஏபலின் கையிலும் அதே காய்ப்பு உண்டு. கரிக்கு அடியிலும் அந்த முகத்தை ஏபல் அடையாளம் கண்டான்; ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வெட்டியவர்கள் இருவரும்.

"ரூபன்... நம்ம கைவலி தீரட்டும்னுதான்டா இதச் செஞ்சேன்."

"வலி தீந்துச்சு ஏபல். வேலையும் தீந்துச்சு. எம்புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க," என்றான் ரூபன். சம்மட்டி மணிக்கட்டில் இறங்கியது.

மறுநாளே படைவீரர்கள் தெருத்தெருவாகப் புகுந்து ஆட்களைப் பிடித்தார்கள். கரி பூசியிருந்ததால் யாரென்று தெரியவில்லை என்று ஏபல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரூபன் தப்பியிருப்பான். நீதிமன்றத்தில் ரூபன் நின்ற கூண்டைப் பார்த்தான்; கட்டுப் போட்ட கை விண்விண்ணென்று தெறித்தது. இடது கையை நீட்டி ரூபனைக் காட்டினான். சிறைக் கோட்டைக்கு முன்னால், கூட்டம் பார்த்திருக்க, ரூபனைத் தூக்கிலிட்டார்கள். சுருக்கு சரியாக இறுகாமல் வெகுநேரம் துடித்தான்.

கோடைக்குள் ஏபல் ஆட்களை வைத்துப் புதிய பொறிகளைச் செய்து முடித்தான். ஆலையில் அவை ஓடத் தொடங்கிய அன்று, துணியை நகர்த்திக் கொடுக்கும் வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். வரிசையில் ரூபனின் மனைவி ஹன்னாவும் நின்றாள். ஏபல் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பொறிக்கு எந்தப் பக்கம் நிக்கணும்னு மட்டும் சொல்லு," என்றாள் அவள்.