கூண்டைத் தூக்கிய கை

காலையில் சாமிக்குப் பூப்பறிக்கப் பின்வளவுக்குப் போன கௌரி, கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். ஒக்லாந்தில் கறிவேப்பிலை வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதைவிடக் கஷ்டம். பிளாட் புஷ்ஷில் வீடு வாங்கிய நாளிலிருந்து, குளிர் என்றால் கராஜுக்குள், வெயில் என்றால் வெளியே என்று தூக்கித் தூக்கி வளர்த்த செடி. இப்போது வெறும் ஈர்க்குகள்தான் நின்றன. ரோஜா மொட்டுகளையும் காணவில்லை. கூரைக்குள் வாடகையில்லாமல் குடியிருந்த பொசம் வேலையைக் காட்டிவிட்டது.

பொசம், பூனையளவில் புசுபுசு வாலோடு மரமேறித் திரியும் பிராணி. மரத்தையும் பறவைகளையும் அழிக்கும் பீடையென்று இந்த நாட்டில் அதற்கு நல்ல பெயரே கிடையாது. கௌரியின் கணவர் குலசிங்கம் ஒரு கம்பிக் கூண்டு வாங்கிவந்து, ஆப்பிள் துண்டு போட்டு வேலியோரம் வைத்தார். பிடித்துக் காட்டுப்பக்கம் விட்டுவிடலாம், பாவமும் இல்லை பழியும் இல்லை என்பது அவர் கணக்கு.

கந்தசஷ்டி தொடங்கிய அன்றே அது அகப்பட்டது. அதற்கு நாள் பார்க்கத் தெரியாதே. முதுகில் ஒரு குட்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது. குலசிங்கம் நகரசபைக்குப் போன் பண்ணினார். வேறிடத்தில் கொண்டுபோய் விடக்கூடாது, வதைக்காமல் கொன்றுவிட வேண்டும் என்றார்கள். முடியாவிட்டால் மிருக வைத்தியரிடம் கொடுக்கலாமாம். கொடுக்கலாம்தான். ஆனால் கொடுக்கிறவர் ‘கொன்றுவிடுங்கள்’ என்று வாயால் சொல்ல வேண்டுமே. பாலும் பழமுமாக விரதமிருக்கும் வாயால் கௌரி அதை எப்படிச் சொல்வாள்? குலசிங்கமோ தனக்குத் தலைசுற்றுகிறது என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் கௌரிக்கு லக்ஷ்மிப்ரியாவின் நினைவு வந்தது.

கீழ்அறையில் வாடகைக்கு இருந்தவள் அவள். சமைக்க மட்டும் மேலே கௌரியின் குசினிக்கு வருவாள். விருதுநகர்ப் பக்கம். முதியோர் இல்லத்தில் வேலை. ஒக்லாந்தில் சொந்தமென்று ஒருவருமில்லாததால் கௌரியை வாய் நிறைய ‘அக்கா’ என்பாள். கௌரி காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, தலைவாரி, உடுப்புத் தோய்த்துப் போட்டதும் அவள்தான். அதிலிருந்து கௌரி வருகிற போகிறவர்களிடமெல்லாம், “இது எங்கட வீட்டுப் பிள்ளை” என்று சொல்லத் தொடங்கினாள். அதைக் கேட்கும்போதெல்லாம் லக்ஷ்மிப்ரியாவின் முகம் மலர்ந்துபோகும். இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்தப் பேச்சுத்தான்.

“பிள்ளை, நீர் ஒருக்கா இதைக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாரும். நாங்கள் விரதம். நீங்கள் எண்டால் மச்சம் மாமிசம் சாப்பிடுற ஆக்கள்தானே,” என்றாள் கௌரி.

லக்ஷ்மிப்ரியா கூண்டையும் அந்தக் குட்டியையும் பார்த்தாள். அவளுக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டது அக்கா. கூண்டைத் தூக்கித் தன் காரில் வைத்துக்கொண்டு போனாள். வைத்தியர் இரண்டுக்கும் ஊசி போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். வெறுங்கூண்டோடு திரும்பியபோது கண் வீங்கியிருந்தது. அந்த வீட்டில் அந்தப் பிராணிக்காக அழுதவள் அவள் ஒருத்திதான்.

கௌரி அவளைப் பின்கதவிலேயே மறித்தாள். கராஜ் குழாயில் கைகால் கழுவச் சொன்னாள். தலைக்கு வார்க்கச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “குறை நினைக்காதையும் பிள்ளை. விரதம் முடியுமட்டும் குசினிக்குள்ள வரவேண்டாம்,” என்றாள். லக்ஷ்மிப்ரியா தலையாட்டினாள். அதற்குப் பிறகு வேலைக்குப் போகும் வழியில் பாணும் வாழைப்பழமும் வாங்கித் தின்று நாளை ஓட்டினாள். கௌரி அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். விரதம் அத்தனை சுத்தமாக நடந்தது.

விரதம் முடிக்கும் பாறணை அன்று தெரிந்தவர்களையெல்லாம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். வீடு நிறையச் சனம். லக்ஷ்மிப்ரியாவை யாரும் மேலே கூப்பிடவில்லை. பேச்சு பொசத்தில் வந்து நின்றது. தங்கள் கையில் ஒரு துளி பாவம் படாமல் காரியம் முடிந்ததைக் கௌரி பெருமையோடு சொன்னாள். ஆல்பனியிலிருந்து வந்திருந்த தமயந்திக்குக் கண் பளிச்சிட்டது. அவர்கள் வீட்டுக் கூரைக்குள் எலியாம். அந்தப் பிள்ளையை ஒருநாளைக்கு அனுப்பிவிட முடியுமா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கௌரியும் சிரித்துக்கொண்டே, “ஓம், அதுக்கென்ன. சொன்னால் செய்யும்,” என்றாள்.

பிறகு ஒரு கடதாசித் தட்டில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். தட்டை நீட்டியபடியே தமயந்தி வீட்டு எலிச் சங்கதியையும் சொல்லி முடித்தாள். லக்ஷ்மிப்ரியா தட்டை வாங்கவில்லை.

“கொல்லுங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னது என் வாய்தான் அக்கா. ஆனா சொல்லச் சொல்லி அனுப்புனது நீங்க. பாவத்தையும் எனக்கே குடுத்தீங்க, தீட்டையும் எனக்கே குடுத்தீங்க. இப்போ அதையே என் வேலையாவும் ஆக்குறீங்க. எங்க ஊர்ல எங்க தெருவுக்கு இப்படித்தான் பேர் வந்துச்சு.”

“ஐயோ பிள்ளை, நாங்கள் சாதி பாக்கிற ஆக்கள் இல்லை,” என்றாள் கௌரி அவசரமாக.

“நான் சாதின்னே சொல்லலியே அக்கா.”

கௌரிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. லக்ஷ்மிப்ரியா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வார இறுதியிலேயே அவள் மவுண்ட் வெல்லிங்டனில் யாரோடோ பங்குக்கு ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். குலசிங்கம் பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொடுத்தார், ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போகவேண்டாம் என்று கௌரி வாசல்வரை வந்து கெஞ்சினாள், மன்னிப்பும் கேட்டாள். லக்ஷ்மிப்ரியா, “பரவால்ல மேடம்,” என்று மட்டும் சொன்னாள். அக்கா என்ற சொல்லை அவள் அந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். கௌரி கதவடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது என்ன பிரயோசனம்?

இரண்டொரு நாளில் தமயந்தி போன் பண்ணினாள். எலித்தொல்லை தாங்கவில்லையாம், அந்தப் பிள்ளை எப்போது வரும் என்று கேட்டாள்.

“அது வராது,” என்றாள் கௌரி. “நான் செய்தது பிழை, தமயந்தி. அழுக்கு வேலையை ஒருத்தற்ற தலையில கட்டிப்போட்டு, பிறகு அவரையே அழுக்கெண்டு தள்ளி வைக்கிறதுக்குப் பேர்தான் சாதி. அதை ஊரோட விட்டிட்டு வந்திட்டம் எண்டு நினைச்சன். என்ர குசினிக்குள்ளயே வைச்சிருந்திருக்கிறன். செய்யச் சொல்லுறவைக்கும் செய்யிறவைக்கும் பாவம் ஒண்டுதான். உங்கட எலியை நீங்களே பாருங்கோ.”

மறுபக்கத்தில் ‘ம்…’ என்று மட்டும் கேட்டது. தமயந்தி யோசிக்கிறாள் என்று கௌரி நினைத்தாள். யோசித்துத்தான் கேட்டாள்:

“அப்ப, வேற ஆரும் அப்பிடி ஆக்கள் இருக்கினமோ?”