புது ரேம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

பெட்டியைப் பிரித்ததும் அய்யம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த முதல் பிறந்தநாளுக்குப் புடவையோ வளையலோ வரும் என்று நினைத்திருந்தாள். புருஷன் விஜயபாண்டி வாங்கி வந்திருந்தது கம்ப்யூட்டரின் மெமரியைக் கூட்ட ஒரு ரேம் பலகை.

"ஐந்நூத்திப் பன்னெண்டு எம்பி. ஒனக்கு இருக்கிறது எரநூத்தி அம்பத்தாறுதானே? மதுரைக்கு லோடு எடுக்கப் போனப்ப வாங்குனேன்" என்றான்.

அல்லிநகரத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறவன் ரேமின் அளவைச் சரியாகச் சொன்னது அவளுக்குப் புடவையைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் அவள் கையால் பூட்டியது. உத்தமபாளையத்தில் பி.எஸ்சி. படித்தபோது, போர்டு ஒரு கடையில், ஹார்டுடிஸ்க் ஒரு கடையில் என்று வாங்கிச் சேர்த்தது. பீரோவும் கட்டிலும் வந்த வண்டியிலேயே அதுவும் மாமியார் வீட்டுக்கு வந்தது. இப்போது அதில், தேனியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கர்ணன் கொடுத்த கல்யாண ஆல்பத்தை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை சிடியில் போட்டுக் கொடுக்க வேண்டும். அவருக்குப் பிடித்துவிட்டால் இனி எல்லா ஆல்பமும் அவளுக்குத்தான். இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வேலை காத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்க வேண்டும், எப்போதாவதுதான் ஊருக்கு வரலாம். வீட்டில் சும்மா உட்கார மாட்டேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தாள்.

"இது அமையலன்னா கோயம்புத்தூரு போகட்டுமா மாமா?" என்று போன வாரம் கேட்டாள்.

"ஒன் இஷ்டந்தான்" என்றான் விஜயபாண்டி. அந்த முகத்திலிருந்து அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பலகாரம் முடிந்ததும் மூடியைக் கழற்றி, பழைய ரேமுக்குப் பக்கத்தில் புதியதைச் செருகினாள். சுவிட்சைப் போட்டால் திரை இருட்டாகவே இருந்தது. உள்ளேயிருந்து நீளமாகப் பீப் பீப் என்று கத்தல். கழற்றி அழுத்திச் செருகினாள். வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். புதிய ரேமில் நானூறு என்று வேகம் போட்டிருந்தது, பழையதில் முந்நூற்று முப்பத்து மூன்று. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும். அவளுக்கு மனசு கேட்கவில்லை. செட்டிங்கில் நுழைந்து பழையதையும் சேர்த்து நானூறுக்கு ஏற்றிவிட்டாள்.

முதல் சில பக்கங்கள் பறந்தன. பிறகு திறந்த பக்கத்தில் பெண்ணின் மாலைக்குக் குறுக்கே பச்சைக் கோடுகள். அடுத்ததில் மாப்பிள்ளையின் முகம் துண்டு துண்டாக நகர்ந்து கிடந்தது.

காபியோடு வந்த மாமியார் மலையம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏத்தா, மாப்பிள்ள மூஞ்சி எங்க?"

"மெமரியில கோளாறு அத்தை."

"கல்யாணம் முடிஞ்சா எல்லா மாப்பிள்ளைக்கும் மூஞ்சி இப்படித்தான் ஆகும். மணவறையிலயேவா ஆகும்?"

சிரிப்பதற்குள் திரை முழுக்க நீலமாகி நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழையதை மட்டும், அதன் வேகத்தில் போட்டாள், ஓடியது. புதியதை மட்டும் நானூறில் போட்டாள், அதுவும் ஓடியது. சேர்த்துப் போட்டால் மறுபடி நீலம். சரி, வேகந்தான் காரணம் என்று முந்நூற்று முப்பத்து மூன்றுக்கு இறக்கினாள். இப்போது நீலம்கூட வரவில்லை, பழையபடி பீப் கத்தல். வேகம் தப்பு என்றால் வேகத்தைக் குறைத்ததும் சரியாக வேண்டாமா?

விஜயபாண்டி கடைக்குக் கிளம்பிய சட்டையோடு வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"என்ன சொல்லுது?"

"புதுசும் பழசும் ஒத்துக்கிட மாட்டேங்குது."

"புதுசு மேலயா தப்பு?"

"தெரியல மாமா."

"புதுசு வந்ததுனாலதான் இப்படின்னு சொல்றியா?"

"தெரியலன்னுதானே சொல்றேன்! நீங்க ஏன் இப்படி வேர்த்து ஊத்துறீக? ஆல்பம் முடியலன்னா நான் கோயம்புத்தூரு போகப்போறேன். உங்களுக்கென்ன?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "நான் மதுரையிலருந்து நேரா வீட்டுக்கு வரல."

"பெறகு?"

"வீரபாண்டி கோயிலுக்குப் போனேன். கௌமாரியம்மன் கால்ல இத வச்சு எடுத்தேன். பூசாரி மஞ்சளும் குங்குமமும் வச்சுக் குடுத்தாரு. புது பைக் சாவிக்குச் செஞ்ச மாதிரிதான்."

அய்யம்மாள் அவனையே பார்த்தாள். "பெட்டியோடதானே?"

"பெட்டிக்குப் பூசை போட்டு என்ன செய்ய? பிரிச்சுத்தான் வச்சேன். பெறகு வேட்டி நுனியில நல்லாத் தொடச்சிட்டேன்."

"அம்மன் குங்குமத்த வேட்டியில தொடச்சியா? வெளங்குமாடா?" என்று மலையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அய்யம்மாள் புதிய ரேமைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கீழ் ஓரத்துத் தங்கநிறப் பற்களின் இடுக்கில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. பரிசைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் அதைக் கவனித்திருக்கவில்லை. ரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். செருகும் இடத்தைச் சின்ன பிரஷால் தட்டிவிட்டாள். வேகத்தை ஏற்றாமல் இரண்டையும் போட்டாள். ஒரே ஒரு சின்னப் பீப். திரை வந்தது.

"அப்ப தப்பு என் மேலதான்" என்றான் விஜயபாண்டி.

"பீப் சத்தம் உங்க மஞ்சள்னு வச்சுக்கலாம். அந்தக் கோடும் நீலமும் நான் வேகத்த ஏத்துனதாலயா, அதுவும் மஞ்சளாலயா, தெரியல."

"திரும்ப ஏத்திப் பாரு, தெரிஞ்சிரும்ல?"

அவள் கை கீபோர்டுக்குப் போய்த் திரும்பியது. "வேண்டாம். தெரியாமலே இருக்கட்டும். ஆல்பம் முடியணும்." கெட்டுப்போன பக்கங்களை முதலிலிருந்து தொடங்கினாள். மாப்பிள்ளையின் மூக்கு மறுபடி மூக்கின் இடத்துக்கு வந்த பிறகுதான் கேட்டாள்: "சாமிகிட்ட என்ன வேண்டினீக?"

விஜயபாண்டி சட்டைப் பொத்தானைத் திருகினான். "நீ இங்கன இருந்தே வேலை பாக்கணும்னு."

"அத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? ஒன் இஷ்டம்னீக!"

"சொன்னா எனக்காக இருந்துருவ. அப்படி இருக்கிறது எனக்கு வேண்டாம்னு தோணுச்சு. போயிருவியோன்னும் இருந்துச்சு. என்ன சொல்றதுன்னே தெரியல."

கோபப்படுவதா, எழுந்து போய் அந்தப் பொத்தானைச் சரிசெய்வதா என்று அய்யம்மாளுக்கும் தெரியவில்லை. "கடைக்குப் போங்க. நீங்க இங்கன நின்னா வேலை ஓடாது" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை கர்ணன் ஒவ்வொரு பக்கமாக நகர்த்திப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகம் வந்த இடத்தில் அவர் நின்றபோது, மூக்கு சரியான இடத்தில் இருக்கிறதா என்று அவளும் எட்டிப் பார்த்தாள். "கலர் நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, மேஜையிலிருந்து வேறொரு சிடியை எடுத்து நீட்டினார். அடுத்த கல்யாணம்.

நேராகக் குழாய்க் கடைக்குப் போனாள். விஜயபாண்டி ஒரு விவசாயிக்குக் குழாய் அளந்துகொண்டிருந்தவன், அளவை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"கோயம்புத்தூருக்கு வரலன்னு சொல்லிரட்டுமா மாமா?"

"ஒன் இஷ்டந்தான்" என்றான். இந்த முறை அந்த முகத்துச் சந்தோஷம் கடை முழுக்கத் தெரிந்தது. விவசாயி திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அய்யம்மாள் பதறி மூடியில் கை வைத்தாள்.

"உள்ள வைக்கலத்தா, வெளிய மட்டுந்தான்" என்று அடுப்படியிலிருந்து மலையம்மாளின் குரல் வந்தது.